அன்றாடக் களியும் ஆடித் தேங்காயும்: தருமபுரி வீட்டுச் சமையல்

தருமபுரி மாவட்டத்து வீடுகளில் அன்றாடம் சமைப்பதையும் நல்ல நாளில் சமைப்பதையும் இந்த அத்தியாயத்தில் சேர்த்தே சொல்கிறோம். இரண்டுக்கும் ஒரே கொல்லையிலிருந்துதான் பொருள் வருகிறது. கிண்டுவது, கடைவது, தாளிப்பது என்று கைப்பழக்கமும் இரண்டுக்கும் ஒன்றே. களியும் கடைசலும் கைக்கு வந்துவிட்டால் பண்டிகைச் சமையலில் பாதி வந்த மாதிரி. அதனால் முதலில் அன்றாடம், அடுத்துப் பண்டிகை என்ற வரிசையில் போகலாம். 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகிவிட்டாலும் இரண்டு மாவட்டத்து அடுப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். இங்கே சொல்வதில் பெரும்பகுதி அங்கேயும் பொருந்தும்.

மூன்று சேர்ந்தால் சாப்பாடு

இது செம்மண் மேட்டு நிலம். ஆற்றுப் பாசனம் உள்ள இடங்களைத் தவிர மற்ற இடங்களில் மழையை நம்பித்தான் விவசாயம். அதற்கு ஏற்றவை ராகி, சாமை, கொள்ளு, துவரை, அவரை, மொச்சை, நிலக்கடலை, எள் ஆகியவை. இந்தப் பக்கத்து விவசாயிகள் ராகியைத் தனியாக விதைத்து விடுவதில்லை. இடையிடையே அவரையோ மொச்சையோ ஊடுபயிராக நிற்கும். வரப்பில் கீரை தானாக முளைக்கும். மேட்டில் புளியமரம் இருக்கும். கொல்லையில் சேர்ந்து நின்றதைத் தட்டிலும் சேர்த்து வைத்தார்கள்.

இந்தச் சமையலின் அடிப்படை விதி இதிலிருந்து வருகிறது: ஒரு தானியம், ஒரு பயறு, ஒரு கீரை அல்லது புளிப்பு. மூன்றும் தட்டில் இருந்தால் சாப்பாடு நிறைவு. 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. தீட்டிய பச்சரிசியில் அது 10 மில்லிகிராமைக்கூடத் தொடாது. ஆனால் ராகியில் லைசின் என்ற புரதக்கூறு குறைவு. அதை நிரப்புவது கொள்ளும் அவரையும்.

தானியத்தை மட்டும் தின்றால் என்ன ஆகும் என்பதை இத்தாலி நூறாண்டுக்கும் மேலாக அனுபவித்தது. வட இத்தாலியின் ஏழை விவசாயிகள் மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கொட்டிக் கட்டையால் கிண்டி உண்டார்கள். 'பொலெந்தா' என்ற அந்த உணவு செய்முறையில் நம் களியேதான். மக்காச்சோளம் அமெரிக்காவிலிருந்து வருவதற்கு முன்பு அவர்களும் அதைச் சிறுதானியத்தில்தான் கிண்டினார்கள். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பருப்பும் பாலும் இறைச்சியும் வாங்க வழியில்லாமல் பொலெந்தாவை மட்டுமே தின்ற வெனெத்தோ, லொம்பார்தி வட்டாரத்து மக்களைப் பெல்லக்ரா நோய் பிடித்தது. தோல் வெடித்து, வயிறு கெட்டு, கடைசியில் புத்தி பேதலிக்கும் நோய் அது. நியாசின் என்ற வைட்டமின் உடம்புக்குக் கிடைக்காததே காரணம். களிக்குத் துணை என்ன என்று கேட்டுக்கொண்டே அடுப்பை மூட்டுவது ஏன் அவசியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

முதலில் தண்ணீர்

வேறு மாவட்டத்துச் சமையல் நூலில் இந்தப் பகுதி தேவைப்படாது. தருமபுரியில் கட்டாயம் தேவை. இங்கே பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பற்களில் கறை படிவதும் எலும்பு, மூட்டு பாதிப்பும் அதனால் வந்தவை. அதற்காகவே ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு, 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது.

குடிக்க மட்டும் ஒகேனக்கல் தண்ணீர், சமைக்க போர் தண்ணீர் என்று பிரிக்காதீர்கள். களியும் பயறும் தம் எடைக்கு மேல் தண்ணீரை உறிஞ்சுபவை. அந்தத் தண்ணீர் முழுவதும் வயிற்றுக்குத்தான் போகிறது. கொதிக்க வைத்தாலும் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். பாத்திரம் கழுவ போர் தண்ணீர் போதும். உலைக்கும் ஊறவைக்கவும் குழாயில் வரும் காவிரி நீரையே பிடித்து வையுங்கள். உப்புத் தண்ணீரில் பயறு வேக நேரமாகும் என்பதால் எரிபொருளும் மிச்சம்.

ராகிக் களி

நான்கு பேருக்கு: ராகி மாவு 2 டம்ளர், பச்சரிசி நொய் அரை டம்ளர், தண்ணீர் ஐந்தரை டம்ளர், உப்பு கொஞ்சம். அடி கனத்த பாத்திரமும் மரத் துடுப்பும் வேண்டும்.

1. நொய்யைக் கழுவி, தண்ணீர் கொதித்ததும் போட்டுக் குழைய வேகவிடுங்கள். உப்பை இப்போதே போடுங்கள். கால் டம்ளர் வெந்நீரை எடுத்துத் தனியாக வையுங்கள்.

2. தீயைக் குறைத்து, மாவை நடுவில் குவியலாகக் கொட்டுங்கள். கிளறக் கூடாது. துடுப்பின் காம்பால் குவியலின் நடுவே ஒரு குழி மட்டும் போட்டால் கொதி அதன் வழியே மேலே வரும். மூடி வைத்து ஏழெட்டு நிமிடம் விடுங்கள். மாவு வேகும் கட்டம் இதுதான். இதில் அவசரப்பட்டால் களியில் பச்சை வாடை நிற்கும்.

3. பாத்திரத்தை இறக்கித் தரையில் வைத்து, அசையாமல் பிடித்துக்கொண்டு, துடுப்பால் ஓரத்தில் அழுத்தி ஒரே பக்கமாகக் கிண்டுங்கள். கட்டி தென்பட்டால் பாத்திரத்தின் பக்கவாட்டில் வைத்து நசுக்குங்கள். இறுகிப் போனால் எடுத்து வைத்த வெந்நீரைத் தெளியுங்கள்.

4. மறுபடி சிறு தீயில் ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். ஈர விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது. மேல்புறம் மினுமினுக்க வேண்டும். அதுவே பதம்.

5. தண்ணீர் தெளித்த தட்டில் கொட்டி, கையை நனைத்துக்கொண்டு சூட்டோடு உருண்டை பிடியுங்கள்.

உருண்டையின் நடுவில் பள்ளம் செய்து குழம்பை ஊற்றி, ஓரத்திலிருந்து சிறிது சிறிதாகக் கிள்ளித் தோய்த்து விழுங்குவார்கள். மென்றால் பல்லில் ஒட்டும். புதிதாகச் சாப்பிடுபவர்கள் சிறு உருண்டையில் தொடங்கட்டும்.

மீந்த உருண்டையைத் தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் அதை மோரும் உப்பும் சேர்த்துக் கரைத்து, சின்ன வெங்காயம், மோர் மிளகாயோடு குடிக்கலாம். வெயில் காலத்தில் கொல்லை வேலைக்குப் போகிறவர்களின் காலை உணவு இது. கட்டட வேலைக்கோ கம்பெனிக்கோ போகிறவர்களுக்கும் இதுவே போதும்.

களிக்குத் துணை

களிக்குத் தனி ருசி குறைவு. அதனால் துணைக்கு வருவது காரசாரமாகவும், களி வழுக்கி இறங்கும் அளவுக்குத் தளர்வாகவும் இருக்க வேண்டும். கெட்டிக் குழம்பு களிக்கு ஆகாது.

கொள்ளுக் கடைசல்: ஒரு டம்ளர் கொள்ளைக் கல் பொறுக்கி, வாசம் வர வெறும் சட்டியில் வறுத்து, கழுவி இரவே ஊறவையுங்கள். நான்கு டம்ளர் தண்ணீரில் குக்கரில் ஆறேழு விசில். வெந்த தண்ணீரை வடித்துத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். கொள்ளோடு வதக்கிய சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, பூண்டு ஆறு பல், சீரகம் ஒரு தேக்கரண்டி, காய்ந்த மிளகாய் ஐந்து, கொட்டைப்பாக்களவு புளி, உப்பு சேர்த்து மத்தால் கடையுங்கள். மிக்ஸியானால் ஓரிரு சுற்றுக்கு மேல் வேண்டாம். கடுகு, கறிவேப்பிலை தாளித்து, வடித்த நீரில் கொஞ்சம் ஊற்றித் தளர்த்துங்கள். மீதி நீரில் தக்காளி, மிளகு, பூண்டு தட்டிப் போட்டால் ரசம். ஒரே வேக்காட்டில் இரண்டு பதார்த்தம். 100 கிராம் கொள்ளில் 20 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. கறி எடுக்காத நாளில் அந்த இடத்தைக் கொள்ளு பார்த்துக்கொள்ளும்.

கீரைக் கடைசல்: பண்ணைக்கீரை, தண்டுக்கீரை, முருங்கைக்கீரை என்று எது கிடைத்தாலும் சரி. மண்சட்டியில் கீரையோடு சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், சீரகம், இரண்டு தக்காளி போட்டு, கை தெளித்த தண்ணீரில் மூடாமல் வேகவிடுங்கள். வெந்ததும் நீரை இறுத்து, உப்பு போட்டு மத்தால் கடைந்து, இறுத்த நீரைத் திரும்ப ஊற்றுங்கள். நீரோடு கடைந்தால் கீரை மசியாது. முருங்கைக்கீரைக்கு ஒரு பிடி துவரம்பருப்பு சேர்த்தால்தான் கடைசல் சேர்ந்து வரும். பாலக்கோடு சந்தையில் தக்காளி மலிவாக இருக்கும் மாதங்களில் புளியைக் குறைத்துத் தக்காளியைக் கூட்டுங்கள். விலை ஏறினால் மறுபடி புளிக்கு வாருங்கள். சுவை கெடாது.

சாமைச் சோறு

சித்தேரி, வத்தல்மலை போன்ற மலை ஊர்களின் தானியம் சாமை. அரிசிச் சோறு பழகிய வாய்க்குக் களியைவிட எளிதில் பிடிக்கும். குழந்தைகளுக்குச் சிறுதானியம் பழக்க விரும்புகிறவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

ஒரு டம்ளர் சாமையரிசியை மூன்று முறை களைந்து, கல் அரித்து, 20 நிமிடம் ஊறவையுங்கள். இரண்டரை டம்ளர் தண்ணீர் கொதித்ததும் போட்டு, சிறு தீயில் பத்து நிமிடம். தண்ணீர் வற்றியதும் அணைத்து, மூடியைத் திறக்காமல் இன்னும் பத்து நிமிடம் விட்டால் உதிரியாக வரும். துவரம்பருப்புக் கடைசலும் நெய்யும் இதற்குப் பொருத்தம். மதியத்துக்குத் தயிர்ச் சோறாகக் கட்டித் தரலாம். ஆறிய சாமை தயிரை நன்றாக இழுக்கும் என்பதால் பாலைச் சற்றுத் தாராளமாக ஊற்றுங்கள்.

வாரத்துக்கு ஒரு வரிசை

தினமும் களி கிண்ட நேரமில்லாத வீட்டுக்கு இந்த வரிசை சரிவரும். திங்கள் இரவு களியும் கொள்ளுக் கடைசலும். செவ்வாய் காலை களிக் கரைசல், மதியம் அரிசிச் சோறும் கொள்ளு ரசமும். புதன் சாமைச் சோறும் பருப்புக் கடைசலும். வியாழன் களியும் கீரைக் கடைசலும். வெள்ளி சோறும் தட்டைப்பயறுக் குழம்பும். சனி முருங்கைக்கீரை போட்ட ராகி அடை, நிலக்கடலைச் சட்னி. ஞாயிறு களியும் கறிக்குழம்போ கருவாட்டுக் குழம்போ. புரட்டாசியில் அதற்குப் பதில் மொச்சைக் குழம்பு. ஒவ்வொரு நாளும் தானியமும் பயறும் புளிப்போ கீரையோ இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். மற்றதை வீட்டு வசதிப்படி மாற்றலாம்.

தை: பிதுக்கம்பருப்பு

மார்கழியிலும் தையிலும் பச்சை அவரைக்கொட்டையும் மொச்சைக்கொட்டையும் சந்தைக்கு வரும். பொங்கலை ஒட்டிய நாட்களில் இந்த வட்டாரத்தின் தனிச்சுவை பிதுக்கம்பருப்பு. கொட்டையை ஆறேழு மணி நேரம் ஊறவைத்து, இரு விரலால் அழுத்தினால் தோல் கழன்று பருப்பு துள்ளி வெளியே வரும். ஒரு படி பிதுக்க ஒரு ஆளால் ஆகாது. மாலையில் வீட்டில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து பிதுக்குங்கள். குழந்தைகளுக்குச் சமையல் பழக்க நல்ல வாய்ப்பு.

குழம்புக்கு: பிதுக்கிய பருப்பு 2 டம்ளர். காய்ந்த மிளகாய் எட்டு, மல்லி மூன்று மேசைக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, பட்டை ஒரு துண்டு, கிராம்பு மூன்று ஆகியவற்றை வறுத்து, அரை மூடித் தேங்காயும் வதக்கிய வெங்காயமும் சேர்த்து அரையுங்கள். கடலை எண்ணெயில் வெங்காயம், இஞ்சி பூண்டு, தக்காளி வதக்கி, கத்தரிக்காயோ உருளைக்கிழங்கோ போட்டு, அரைத்ததை ஊற்றிக் கொதிக்க விடுங்கள். பிதுக்கம்பருப்பைக் கடைசியில் போட வேண்டும். தோல் இல்லாததால் பத்து, பன்னிரண்டு நிமிடத்தில் வெந்துவிடும்; அதற்கு மேல் போனால் கரைந்துவிடும். கறியோடு சேர்ப்பதானால் கறி முழுதாக வெந்த பிறகே பருப்பைச் சேருங்கள்.

யுகாதி: ஒப்பட்டும் அதன் சாறும்

மாவட்டத்தில் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் நிறைய உண்டு. அவர்கள் வழியாக மற்ற வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது ஒப்பட்டு. கடலைப்பருப்பை விரலால் நசுக்கினால் உடையும் பதத்துக்கு நிறைய நீரில் வேகவைத்து வடித்து, ஒரு டம்ளர் பருப்புக்கு முக்கால் டம்ளர் வெல்லம் சேர்த்துக் கிளறி, ஏலக்காய் தட்டிப் போட்டு அரைத்தால் பூரணம். தளரப் பிசைந்து எண்ணெயில் இரண்டு மணி நேரம் ஊறிய மாவில் அதை வைத்து மூடி, வாழை இலையில் தட்டி, தோசைக்கல்லில் நெய் விட்டுச் சுட வேண்டும்.

வடித்த பருப்புத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். அதில் ஒரு கரண்டிப் பூரணத்தைக் கரைத்து, புளிக்கரைசல், மிளகாய், மல்லி, சீரகம், தேங்காய் அரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டால் ஒப்பட்டுச் சாறு. காரம், புளிப்பு, இனிப்பு மூன்றும் சேர்ந்த இந்தச் சாறு அடுத்த நாள்தான் இன்னும் ருசி. கொள்ளுத் தண்ணீரில் ரசம் வைத்த அதே சிக்கனம்தான் இது.

ஆடி 1: தேங்காய் சுடுதல்

சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் பக்கத்தோடு தருமபுரியும் கொண்டாடும் பண்டிகை இது. பாரதப் போர் ஆடி 1-ல் தொடங்கி 18-ல் முடிந்தது என்று சொல்லப்படும் கதையோடு சேர்த்து இதைச் சொல்வார்கள்.

ஒரு முற்றிய தேங்காய்க்கு: பொட்டுக்கடலை, அவல், வறுத்த பாசிப்பருப்பு தலா ஒரு மேசைக்கரண்டி, எள் ஒரு தேக்கரண்டி, பொடித்த வெல்லம் இரண்டு மேசைக்கரண்டி.

நாரை முழுவதும் உரித்து, ஓட்டைக் கல்லில் தேய்த்து வழவழப்பாக்குங்கள். நார் இருந்தால் தீப்பற்றி ஓடு சீக்கிரம் கருகும். மூன்று கண்ணில் மெல்லிய கண்ணைத் துளைத்து நீரை வடியுங்கள். கலவையை முக்கால் பாகம் மட்டும் அடைத்து, தேங்காய்த் தண்ணீரில் கொஞ்சம் திரும்ப ஊற்றுங்கள். நீராவிக்கு இடம் வேண்டும் என்பதால் நிறைய அடைக்கக் கூடாது. அழிஞ்சில் குச்சியின் முனையைச் சீவி, மஞ்சள் பூசி, கண்ணில் இறுகச் செருகுங்கள். குச்சி நான்கடிக்குக் குறையாமல் இருந்தால் கை சுடாது. வாசலில் மூட்டிய தீயில் திருப்பித் திருப்பிக் காட்டுங்கள். சுமார் அரை மணியில் ஓடு கருத்து வெடிப்பு விடும், வெல்லம் வெந்த வாசம் வரும். பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு, ஆறிய பிறகே உடையுங்கள். உள்ளே இருக்கும் நீராவி சுடும். சிறு பிள்ளைகளைத் தனியாகத் தீயருகே விடாதீர்கள்.

ஆடிக் கூழும் பதினெட்டும்

மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் மாதம் இது. முதல் நாள் இரவு ராகி மாவை நீரில் கரைத்துப் புளிக்க வைத்து, மறுநாள் வெந்த நொய்யில் ஊற்றிக் கட்டியில்லாமல் காய்ச்சி, ஆறிய பின் மோரும் சின்ன வெங்காயமும் கலக்க வேண்டும். முருங்கைக்கீரைப் பொரியல், மொச்சைக் குழம்பு, மாங்காய் தொட்டுக்கொள்ள வரும். பெருந்தொகைக்குக் காய்ச்சும்போது மாவு அடியில் பிடிக்கும். கிண்டும் கை நிற்கக் கூடாது.

ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போகிறவர்கள் கட்டுச்சோறு கட்டுவார்கள். புளிச்சோறு இரண்டு வேளைக்குத் தாங்கும்: புளிக்காய்ச்சலை நல்லெண்ணெய் மிதக்கும் வரை காய்ச்சி, சோறு ஆறிய பிறகு கலந்து, ஒரு மணி நேரம் ஊறவிட்டுக் கட்டுங்கள். ஆற்றங்கரையில் மீன் வாங்கிக் கொடுத்தால் அங்கேயே வறுத்துத் தருபவர்கள் உண்டு. வீட்டுக்கு வாங்கி வந்தால் மண்சட்டியில் பழைய புளி ஊற்றிக் குழம்பு வைத்து, மறுநாள் களியோடு சாப்பிடுங்கள். காவிரியில் வெள்ளம் கூடினால் குளிக்கவும் பரிசலுக்கும் தடை வரும். அந்த அறிவிப்பை மீறாதீர்கள்.

வாங்குவதும் வைப்பதும்

ராகியைத் தானியமாக வாங்கி, கல் மண் புடைத்து, கழுவி, ஒரு நாள் நல்ல வெயிலில் காயவைத்து மில்லில் அரையுங்கள். தானியம் நெடுநாள் கெடாது. மாவை ஒரு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம். 2023 முதல் தருமபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதையும் இதே முறையில் சுத்தம் செய்து அரைக்கலாம்.

உமி நீக்கிய சாமையரிசி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். துவரையையும் அவரையையும் செம்மண் கட்டி வைத்து வெயிலில் காயவைத்தால் வண்டு அண்டாது. மாசி, பங்குனியில் புதுப்புளி வரும்போது ஆண்டுக்கு வேண்டியதை வாங்கி, கொட்டையும் நாரும் எடுத்து, கல்லுப்பு சேர்த்து உருட்டிப் பானையில் அடைத்து வையுங்கள். குழம்புக்கு ஓராண்டு பழசு நல்லது, ரசத்துக்குப் புதுசு நல்லது.

ஒரு வேண்டுகோள்

இத்தாலியில் பெல்லெக்ரினோ அர்த்தூசி என்ற வணிகர் 1891-ல் 475 குறிப்புகளோடு வீட்டுச் சமையல் நூல் ஒன்றைத் தம் செலவிலேயே அச்சிட்டார். வாசகர்கள், குறிப்பாக வீட்டுப் பெண்கள், கடிதத்தில் தங்கள் வீட்டுச் சமையலை எழுதியனுப்ப அனுப்ப, அவர் சாகும்போது அது 790 குறிப்புகளாக வளர்ந்திருந்தது. இன்றும் அந்த நாட்டு வீடுகளில் அது புழங்குகிறது.

நம் மாவட்டத்துச் சமையல் இன்னும் பெரும்பாலும் கைப்பழக்கத்தில்தான் இருக்கிறது. இந்த அத்தியாயத்திலுள்ள அளவுகள் தொடக்கத்துக்கு மட்டுமே. உங்கள் வீட்டில் களி கிண்டும் பெரியவர் இருந்தால் அடுத்த முறை பக்கத்தில் நின்று, அவர் கைப்பிடியில் போடுவதை டம்ளரில் அளந்து, ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்த ஊர், எந்த மாதம், எந்தக் கீரை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இந்த மாதமே தொடங்குங்கள்.